படத்துக்கு அடியில் ஓடிய தமிழ்

கடைசி வருடம் முழுக்கக் குரலே இல்லாமல் எங்களோடு கதைத்துக்கொண்டிருந்த என் அப்பாவுக்கு,

இந்த டேனிஷ் ஊர் பிராண்டேயில் இன்றைக்கும் நல்ல காற்று. அம்மா விடியவே வேலைக்குப் போய்விட்டா. முதியோர் இல்லத்தில் ஆள் குறைவாம், ஞாயிறென்றும் பாராமல் கூப்பிடுகிறார்கள். போகட்டும் என்று நானும் மறிக்கவில்லை. வீட்டில் நின்றால் நீங்கள் இருந்த அந்த வெறும் கதிரையைப் பார்த்தபடியே இருப்பா.

உங்கள் ஆட்டைத் திவசம், முதலாம் வருடத் திவசம், வருகிறது அப்பா. உங்கள் கடைசிக் காலத்துக்காக யாருக்கு நன்றி சொல்வது என்று யோசித்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சொந்தக்காரர் இல்லை, கோயில் ஆட்களும் இல்லை. அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் படம் பார்க்கிற கொஞ்சப் பெடியன் பெட்டைகள். வேறு யாரிடமும் சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்லலாம்.

ஓகூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்காக உங்கள் குரல்வளையை எடுத்த பிறகு நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கழுத்தில் ஒரு துளை, அதால்தான் மூச்சு. பார்க்க வந்தவர்கள் ஏனோ சத்தம் போட்டுக் கதைத்தார்கள், போனது காது என்பதுபோல. சிலர் பக்கத்தில் இருந்த உங்களை விட்டுவிட்டு அம்மாவிடம், "அண்ணை எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டார்கள். ஒருநாள் வாசல் மணி அடித்ததும் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கதவைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். காற்றாலை இறக்கை செய்கிற தொழிற்சாலையில் இத்தனை வருடம் நின்று, மெஷின் சத்தத்துக்கு மேலால் ஆட்களைக் கூப்பிட்ட மனிசன் நீங்கள்.

நான் லீவு போட்டுவிட்டு உங்களோடு நின்ற நேரம் அது. முன்னறையில் என்பாட்டுக்கு ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலில் காணாமல் போன தமையனைத் தேடி, ஓட்டைப் படகொன்றில் தீவு தீவாகப் போகும் ஒரு பெட்டையின் கதை. நீங்கள் அறையால் வெளியே வந்து என் பக்கத்தில் இருந்தீர்கள். கொஞ்ச நேரத்தில் ரெலிபோனில் விரலால் எழுதிக் காட்டினீர்கள்.

"இந்தப் பிள்ளை ஏன் அழுகுது?"

ஆஸ்பத்திரியால் வந்தபிறகு நீங்களாகக் கேட்ட முதல் கேள்வி. என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நீங்கள் கேட்டதுதான் நினைவிருக்கிறது.

அடியில் ஓடிய ஆங்கில எழுத்தின் வேகத்துக்கு உங்களால் வாசிக்க முடியவில்லை. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் லீவு முடிந்து நான் வேலைக்கு ஓகூஸ் திரும்பினால் யார் சொல்வது? அங்கே சேர்ந்து படம் பார்க்கும் எங்கள் அனிமே வட்டத்தின் ரெலிபோன் குழுவில் எழுதிப் போட்டேன். அப்பாவுக்குத் தமிழ் எழுத்து வேண்டும், யாருக்காவது வழி தெரியுமா என்று.

முதலில் பதில் போட்டது யோனஸ். ஓகூஸில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற டேனிஷ் பெடியன். தமிழில் ஒரு எழுத்தும் தனக்குத் தெரியாது, ஆனால் எந்த வரி எப்போது வரவேண்டும், எப்போது மறையவேண்டும் என்ற வேலை தனக்கு அத்துப்படி என்றான். மொழிபெயர்க்க அவனே ஒரு ஆளையும் தேடிப் பிடித்தான். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் கார்த்தி. யோனஸுக்கும் கார்த்திக்கும் உங்கள் பெயர்கூடத் தெரியாது அப்பா. ஏன் செய்தார்கள்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

முதல் பகுதி வந்த அன்று நீங்கள் செய்தது நினைவிருக்கிறதா? படகுக்காரக் கிழவன் அந்தப் பெட்டையைச் சாப்பிடக் கூப்பிடுகிறான். அடியில், "உணவு தயாராக உள்ளது" என்று ஓடியது. நீங்கள் படத்தை நிறுத்தச் சொல்லிக் கைகாட்டிவிட்டு எழுதினீர்கள்.

"கடல்ல நிக்கிறவன் இப்பிடிக் கதைப்பானோ? 'வா பிள்ளை, சாப்பிடு' எண்டு போடச் சொல்லு."

அதை அப்படியே கார்த்திக்கு அனுப்பினேன். அவன் சிரித்துச் சிரித்துக் குரலில் பதில் அனுப்பினான். "அப்பா சொல்றது கரெக்டுக்கா. நான் எக்ஸாம் பேப்பர் மாதிரி எழுதிட்டேன். பேசாம முழுக்க யாழ்ப்பாணத் தமிழ்லயே போட்டுடலாமா? அப்பாவுக்காகத்தான பண்றோம்."

அதற்குப் பிறகு அவன் எழுதி அனுப்புவான், நீங்கள் திருத்துவீர்கள், யோனஸ் நேரம் பார்த்துப் பொருத்துவான். விழுங்க ஏலாமல் குழாயால் சாப்பாடு இறங்கிக்கொண்டிருக்கும், நீங்கள் ஒரு கையால் எழுதிக்கொண்டிருப்பீர்கள். அம்மா குசினிக்குள் சமைத்தபடி, "பொம்மைப் படத்துக்கு இவ்வளவு வேலையோ?" என்பா. ஆனால் அடுத்த பகுதி எப்போது வரும் என்று என்னிடம் களவாகக் கேட்டதும் அவதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை வட்டத்தில் இருந்து கொஞ்சப் பேர் காரில் பிராண்டேக்கு வந்தார்கள். ஒரு பெட்டை படத்தில் வருகிறவள்போல நீலப் பொய்த் தலைமயிர் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "உதென்ன கோலம்?" என்றா அம்மா என் காதுக்குள். நீங்கள் கதவைச் சாத்தவில்லை. எல்லாரும் நிலத்தில் இருந்து றோல்ஸ் சாப்பிட்டபடி படம் பார்த்தார்கள். ஒருவரும் சத்தம் போட்டுக் கதைக்கவில்லை. நீங்கள் ரெலிபோனில் தெரிந்த டேனிஷில் எழுதி நீட்டினால் யோனஸ் அதை வாங்கி அதிலேயே பதில் எழுதி நீட்டினான்.

குசினிக்குள் அவனிடம் சொன்னேன், "அப்பாவுக்குக் காது கேக்கும். நீ வாயாலயே கதைக்கலாம்."

"தெரியும்," என்றான். "நாங்கள் எல்லாரும் வாசிச்சு வாசிச்சுத்தானே படம் பாக்கிறம். எனக்கு இது பழக்கம்."

அன்றைக்கு அந்த அறையில் நீங்கள் நோயாளி இல்லை அப்பா. அடியில் ஓடும் எழுத்தை எல்லாரையும்போல வாசித்துக்கொண்டிருந்த ஒரு ஆள். அதைத்தான் அவர்கள் தந்தார்கள். நாங்கள், உங்கள் சொந்தச் சனம், அதைத் தரத் தெரியாமல் நின்றோம்.

அது கனநாள் நீடிக்கவில்லை. நெஞ்சுக்குள்ளும் பரவிவிட்டது என்று டொக்டர் சொன்னா. மெதுவாகத்தான் சொன்னா. தொழிற்சாலை டேனிஷ் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு, ஆஸ்பத்திரி டேனிஷ் வேறு. அவ சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தீர்கள். படத்தில் யாராவது வாய் திறந்ததும் திரையின் அடியைப் பார்ப்பீர்களே, அதே பார்வை.

"இனி நோயை மாத்த ஏலாதாம் அப்பா. நோகாமல் பாத்துக்கொள்ளுவினமாம்."

இவ்வளவுதான் என்னால் முடிந்தது. இதை வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம்? நீங்களென்றால் எப்படித் திருத்தியிருப்பீர்கள்?

உங்களை ஹொஸ்பிஸுக்கு, கடைசி நாட்களில் வைத்துப் பார்க்கும் அந்த இல்லத்துக்கு, மாற்றினோம். கார்த்தி சோதனைக்குப் படிக்காமல் மொழிபெயர்த்தான். யோனஸ் வேலைக்கு லீவு போட்டான். எப்படியாவது கடைசிப் பகுதி வரை உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு ஓர்மம். ஆனால் அவர்கள் ஓட, உங்கள் கண் பின்னுக்கு நின்றுவிட்டது. மருந்து மயக்கத்தில் எழுத்து தெரியவில்லை என்று கையை விரித்தீர்கள்.

அம்மா என்ன செய்தா தெரியுமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்து அடியில் ஓடியதை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினா. அந்தப் பெட்டைக்கும் அம்மாவின் குரல், படகுக்காரக் கிழவனுக்கும் அம்மாவின் குரல். வேகத்துக்கு வாசித்து மூச்சு வாங்கினா. நீங்கள் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

கடைசிப் பகுதி மட்டும் மிச்சமாக இருந்த பின்னேரம், என் கையைப் பிடித்து வாயை அசைத்தீர்கள். சத்தம் இல்லை, ஆனால் விளங்கியது.

"தமையன் கிடைப்பானோ?"

உங்களுக்கு ஒரு தம்பி இருந்தவர். நான் பிறக்க முன்னம், சண்டைக் காலத்தில், இந்தியாவுக்குப் போகிறேன் என்று படகு ஏறியவர். படகும் இல்லை, ஆளும் இல்லை. ஒருநாளும் நீங்கள் அவரைப் பற்றி வாய் திறந்ததில்லை. அம்மாதான் எனக்குச் சொன்னா, "அப்பாவிட்டக் கேட்டுப்போடாதை" என்ற எச்சரிக்கையோடு.

ஆங்கில எழுத்தோடு முன்னமே பார்த்து முடித்த எனக்கு முடிவு தெரியும். அம்மாவைப் பார்த்தேன். அவ தலையைக் குனிந்துகொண்டா. பொய் சொல்லியிருக்கலாம். கடைசிப் பகுதியைப் பார்க்கமாட்டீர்கள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்தானே.

"கிடைக்கமாட்டான் அப்பா. கன காலம் தேடிப்போட்டு, ஒருநாள் அவள் படகைத் திருப்புறாள். வீட்டை போறாள்."

நீங்கள் கண்ணை மூடினீர்கள். பிறகு மெல்லத் தலையாட்டினீர்கள். அடுத்த நாள் விடிய எங்களைவிட்டுப் போனீர்கள்.

செத்தவீட்டுக்கு வட்டத்துப் பிள்ளைகள் கறுப்பு உடுப்போடு வந்து பின்வரிசையில் நின்றார்கள். நீலத் தலைமயிர்ப் பெட்டையை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, அன்று சொந்தத் தலைமயிரோடு வந்திருந்தாள். கோயில் தலைவர் அம்மாவிடம் கேட்டார், "ஆர் உந்தப் பிள்ளையள்? மகளோட வேலை செய்யிறவையோ?"

"இல்லை," என்றா அம்மா. "அவரிட சிநேகிதர்."

நீங்கள் போன பிறகும் கார்த்தியும் யோனஸும் நிறுத்தவில்லை. கடைசிப் பகுதிக்கும் தமிழ் போட்டு அனுப்பினார்கள். முடிவில் உங்கள் பெயரைப் போடலாமா என்று கேட்டார்கள், அம்மா வேண்டாமென்றா. உங்களுக்கு அது பிடிக்காது. இப்போது வேறொரு தொடர் செய்கிறோம். திருத்துவது நான். பிழை விடுகிறேன்தான், காது இழுத்துத் திருத்த ஆள் இல்லை.

அந்தக் கடைசிப் பகுதியைத் திறக்க எங்கள் இருவருக்கும் இவ்வளவு நாளும் தைரியம் வரவில்லை. போன கிழமைதான் அம்மா, "போடு பாப்பம்" என்றா. போட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா பழக்கத்தில் வாய்விட்டு வாசித்தா. அவள் படகைத் திருப்பும் இடம் வந்தபோது குரல் நின்றுவிட்டது. மிச்சத்தை நான் வாசித்தேன்.

முடிந்ததும் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னா, "உன்ர சித்தப்பாவுக்கு நாங்கள் ஒரு திவசமும் செய்யேல்லை. செய்தால் செத்திட்டான் எண்டு ஆகிடும் எண்டு அப்பா விடேல்லை. அண்டைக்கு அவர் தலையாட்டினது படத்துக்கு இல்லையடி."

உண்மையா அப்பா? இல்லை, களைப்பில் தலை அசைந்ததா? என்னால் திரும்பக் கேட்க முடியாத கேள்வி இது.

நாங்கள் ஒரு முடிவு எடுத்துவிட்டோம். மகள் செய்யலாமா என்று ஐயரிடம் கேட்டேன், செய் பிள்ளை என்றார். யோனஸும் மற்றவர்களும் வருகிறார்கள். கார்த்தி அங்கிருந்து வீடியோவில் பார்ப்பானாம். அன்றைக்கு ஐயர் பெயர் கேட்கும்போது உங்கள் பெயரைச் சொல்லி, அதற்குப் பக்கத்தில் உங்கள் தம்பியின் பெயரையும் சொல்லுவேன். இருவருக்கும் எள்ளும் தண்ணீரும் என் கையால் இறைப்பேன். நடுங்காமல் சொல்லுவேன் அப்பா, இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மகள்,
சித்தப்பா கண்டிராத பெறாமகள்.