கண் படிக்கலாம், நாக்கு கூடாது

சின்ன காஞ்சிபுரம்,
கார்த்திகை மாதம் 27.

சிரஞ்சீவி யதிராஜனுக்கு அம்மா குமுதவல்லி அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. தேவப்பெருமாள் கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம், புதிதாகக் கன்று போட்ட பசு உள்பட. அங்கே உன் சௌக்கியத்தையும், போன கடிதத்தில் ஒழுகிக்கொண்டிருந்த மூக்கின் சௌக்கியத்தையும் எழுது.

முதலில் தந்தி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் வந்து சேருமுன் உன் கைக்கு ஒரு தந்தி வந்திருக்கும். தந்தி என்றாலே யாரோ போய்விட்டார்கள் என்றுதானே நம் ஊரில் அர்த்தம், நீயும் உறையைக் கிழிக்குமுன் ஆடிப்போயிருப்பாய். யாரும் எங்கும் போகவில்லை, எல்லோரும் அவரவர் இடத்தில் குத்துக்கல்லாக இருக்கிறோம். அதை அனுப்பியது உன் அப்பாதான். நானோ உன் அக்கா வரலக்ஷ்மியோ அவர் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டோம் என்று நினைக்காதே, சத்தியமாக அவரே நடந்து போய் அனுப்பினார். அது எப்படி நடந்தது என்று உனக்குச் சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும், அதனால்தான் மாவு அரைக்கிற வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ சீமைக்குக் கப்பல் ஏறிய நாளிலிருந்து உன் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை என்பது உனக்கே தெரியும். கடல் தாண்டியவனுக்கு இந்த வீட்டில் இலை போட மாட்டேன், திரும்பி வந்தாலும் வாலாஜாபாத்தில் அக்கா வீட்டிலேயே இறங்கிக்கொள்ளட்டும் என்று அன்றைக்குச் சொன்னவர், பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நானும் வம்பு வேண்டாம் என்று ஒரு வழி செய்துகொண்டேன். உன் கடிதம் வந்தால் துளசி மாடத்துக்கு எதிரே நின்று துளசிக்குப் படித்துக் காட்டுவது போல உரக்கப் படிப்பேன். அவர் ஊஞ்சலில் பத்திரிகையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் படித்து முடிகிற வரை அந்தப் பத்திரிகையில் ஒரு பக்கமும் புரளாது. நடுவில் அவர் இருமினால் அந்த வரியை இன்னொரு தரம் படிக்க வேண்டும் என்று அர்த்தம். இப்படித்தான் உன் கப்பல், உன் அறை, நீ உப்பில்லாமல் வடித்த சாதம் எல்லாம் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தத் தடவை உன் சர்வகலாசாலைப் புஸ்தகசாலையைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் போல ஒரு கடிதம் நீ இதுவரை எழுதியதில்லை. அத்தனை பழைய கட்டிடம், மேல்கூரை முழுக்கச் சித்திரம், உள்ளே நுழையுமுன் நெருப்புக் கொண்டுவர மாட்டேன், கொளுத்தவும் மாட்டேன் என்று வாய்விட்டுச் சத்தியம் செய்ய வேண்டும் என்றது எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளாக, ஓலைப் பெட்டிக்குப் பக்கத்தில் அகலைக் கொண்டுபோகாதீர்கள் என்று நான் கத்துவதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, அங்கே சட்டமே போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் புஸ்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள் என்றதும் வரலக்ஷ்மி, கோயில் யானையைக் கட்டுகிற மாதிரி அல்லவா இருக்கிறது என்று சிரித்தாள். ஆனால் நெருப்பே இல்லாத கூடத்தில், அந்தக் குளிரில், நீ செய்திருக்கிற காரியம் இருக்கிறதே! அங்கே இருக்கிற நம் தமிழ் ஓலைக்கட்டைத் தொடுமுன் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வெறுங்காலோடு போய் உட்கார்ந்தாயாம், காவலிருக்கிற வெள்ளைக்காரக் கிழவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவர் காலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாராம். அதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஊஞ்சலும் நின்றுவிட்டது. ஓலைக்கு மரியாதை வேண்டியதுதான், ஆனால் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எந்த ஆழ்வாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சிரிப்பெல்லாம் அந்த வரியோடு சரி. அந்தக் கட்டில் இருப்பது ஆழ்வார் பாசுரத்துக்கு எந்த உரை என்று நீ எழுதியிருந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். நம் வீட்டு ஓலையில் அந்த உரைக்கு முன்பாதிதான் உண்டு, பின்பாதி உன் தாத்தா காலத்திலேயே கரையானுக்குப் போயிற்று. அதற்காக அப்பா ஏறி இறங்காத மடம் இல்லை, கேட்காத வீடு இல்லை. அது முழுசாக அங்கே இருக்கிறதாம், உன் எதிரிலேயே இருக்கிறதாம், ஆனால் நீ பிரிக்கவில்லையாம்! கட்டு உன் கைக்கு வந்தது கார்த்திகைத் தீபத்தன்று, அன்றிலிருந்து தை மாதம் வரை அனத்யயன காலம், பாசுரமும் அதன் உரையும் நம்மவர்கள் சொல்லாமல் ஓய்வு விடுகிற காலம், ஆகையால் தினமும் போய்க் கட்டுக்கு எதிரே சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன், என்ன செய்யலாம் என்று அப்பாவைக் கேட்டு எழுது என்கிறாய். உன் புரொபஸர் வாங்கிக் கொடுத்த அனுமதியோ மார்கழிப் பாதியோடு முடிகிறது. பிறகு செப்பனிடுவதற்கென்று அதைப் பூட்டிவிடுவார்கள், திரும்ப வெளியே வருவதற்குள் நீ ஊருக்குக் கப்பல் ஏற வேண்டிய காலம் வந்துவிடும். அடே, வெண்ணெயை எதிரே வைத்துக்கொண்டு நெய்க்குக் கடிதம் போடுகிறவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். கடல் தாண்டினால் ஆசாரம் போய்விடும் என்று இந்தத் தெருவே சொல்லிற்று, நீ என்னவென்றால் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய்.

அப்பா இருமினார், மறுபடி படித்தேன். மறுபடியும் இருமினார். அன்றைக்கு நல்ல மழை, தெருவில் நெசவுப் பாவு விரிக்க முடியாமல் தறிக்காரர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், அவர்களில் அடுத்த தெருக் காசிநாதன் நம் வாசல் கூரையில் ஒதுங்கி நின்று முழுக்கக் கேட்டுவிட்டான். இன்னாம்மா இது, பாவு ஏத்தி வெச்சிட்டு நெய்யாம குந்திக்கினு இருக்கற கதையா இருக்குதே என்று அவன் சொன்னதுதான் தாமதம், அப்பா பத்திரிகையை மடித்துப் போட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நேரே கோயிலில் தன்னோடு பாசுர கோஷ்டியில் நிற்கிற சம்பத்குமார் மாமா வீட்டுக்குப் போனாராம். எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒருவன் அனத்யயனத்தில் ஓலையைப் பிரிக்கலாமா என்று கேட்டாராம். அந்த யாரோ ஒருவன் யார் என்று தெருவில் கறிவேப்பிலை விற்கிற செல்லியம்மாளுக்குக்கூடத் தெரியும், மாமாவுக்குத் தெரியாதா? கூடவே கூடாது, கட்டைத் தொடுவதே தப்பு என்று அவர் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டு வைதேஹியின் அகத்துக்காரர், கடலுக்கு அப்பால் நம் அனத்யயனமே செல்லாது என்று சொல்லியிருக்கிறார். இருவரையும் திட்டிக்கொண்டே நனைந்து வந்து சேர்ந்தார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பின்பாதியும் வேண்டும், நியமமும் போகக்கூடாது, கேட்டவன் பெயரையும் சொல்லக்கூடாது. ஊஞ்சல் சங்கிலி ஒருநாளும் அப்படிக் கிறீச்சிட்டதில்லை. நாளோ ஓடிக்கொண்டிருக்கிறது, எனக்கு அடுப்பில் வைத்தது எல்லாம் அடிப்பிடிக்கிறது.

மறுநாள் அவருக்கு மோர் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்கிறதா, உன் கடிதத்தில் எழுதியிருந்ததை நினைத்துக்கொண்டு, அந்தக் கூடத்தில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லையாம், பென்சில் விழுந்தாலும் திரும்பி முறைக்கிறார்களாம், அவர்களுக்கு வருஷம் முழுக்க அனத்யயனம்தான் போலிருக்கிறது என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். சிரிப்பார் என்றுதான் சொன்னேன். அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. வாயே திறப்பதில்லையா என்றார். நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார் அப்பா, உன் கடிதத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. திறப்பதில்லை என்றேன். உதடு அசையுமோ என்றார். அசைந்தால் அந்தக் கிழவர் வந்து பக்கத்தில் நிற்பாராம் என்று நானாக ஒன்று சேர்த்தும் சொன்னேன், பெருமாள் மன்னிக்கட்டும். தடை நாக்குக்குத்தான், கண்ணுக்கு யாரும் தடை போடவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கையலம்பினார். கடிதம் போட்டால் நாள் ஆகுமே என்று நான் மெதுவாக இழுத்தேன். மேல்வேஷ்டியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மீதியை எனக்குச் சொன்னது தந்தி ஆபீஸ் சிட்டிபாபு. மறுநாள், அப்பாவுக்குக் கோஷ்டியில் வருகிற கோயில் இட்டலிப் பிரசாதம் வாங்க வந்தவன் வாசலில் நின்று, இன்னாம்மா, நம்ம சாமி ஒரு தந்தி குடுத்தாரே என்று ஆரம்பித்தான். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதே, கண் படிக்கலாம், நாக்கு கூடாது என்று தமிழில் சொல்லி, இதை அவர்கள் பாஷையில் போடு என்றிருக்கிறார். சிட்டிபாபு ஐஸ் மே ரீட், டங் நோ என்று எழுதிவிட்டுப் பயந்துபோய், இது டாக்டர் சொல்ற மாதிரி இருக்குதே சாமி, யாருக்குன்னா ஒடம்பு சரியில்லியா என்று கேட்டானாம். ஆபீஸில் நல்ல கூட்டம், பட்டுக்கடைக் குமாஸ்தாக்களும் ஐயம்பேட்டைத் தறிக்காரர்களும் நின்றிருக்கிறார்கள். அப்பா எல்லோரும் கேட்கும்படி, உடம்புக்கு ஒன்றும் இல்லை, இது என் பிள்ளைக்கு, அவன் சீமையில் பெரிய புஸ்தகசாலையில் நம் ஓலையைப் படிக்கிறான் என்றாராம். கீழே என்ன பெயர் போடட்டும் என்றதற்கு, பெயர் எதற்கு, அப்பா என்று போடு என்றாராம். இதைச் சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு இட்டலியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். நான் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து அழுதேனடா யதி, சந்தோஷத்தில்தான், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போலவே வெளியே வந்தேன்.

ஆகையால் இந்நேரம் கட்டைப் பிரித்திருப்பாய் என்று நம்புகிறேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு உதடு அசையாமல் ஒரு வரி படிக்க வராது, அது அப்பாவுக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு படிக்கச் சொல் என்று தூணைப் பார்த்துச் சொன்னார். நல்ல யோசனைதான், மூக்கடைப்புக்கும் ஆகும். ஓலை ஓரம் பொடிந்திருந்தால் அவசரப்பட்டுப் புரட்டாதே. மத்தியானம் பசியோடு உட்காராதே, பட்டினி கிடந்து படித்தது மண்டையில் நிற்காது. இங்கே வரலக்ஷ்மியின் பிள்ளை தவழ்ந்து போய்த் தயிர்ப்பானையைக் கவிழ்த்துவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தான், பசுவின் கன்று அவனை நக்கிச் சுத்தம் செய்தது. வரலக்ஷ்மி அடுத்த வாரம் வாலாஜாபாத்துக்குக் கிளம்புகிறாள், மழையில் பஸ் ஒழுங்காக வருமோ என்றுதான் கவலை. காசிநாதன் தினமும் வாசலில் நின்று, சீமையிலே தறி ஓட ஆரம்பிச்சுதாம்மா என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

பெருமாள் உனக்குத் தீர்க்காயுசும், கண்ணுக்குத் தெம்பும், போன காரியத்தை முடிக்கிற பொறுமையும் கொடுக்கட்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள்ள அங்கே வெந்நீர் கிடைக்கிறதா என்று போன தடவையே கேட்டிருந்தேன், பதில் இல்லை, மறக்காமல் எழுது.

இப்படிக்கு, உன்னை நினைக்காத வேளை இல்லாத அம்மா,
குமுதவல்லி.

உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்து நின்று, காகிதத்தில் இடம் இருக்கிறதா என்கிறார். பேனாவைக் கொடுத்துவிட்டு நான் உள்ளே போகிறேன்.

சிரஞ்சீவி யதிராஜனுக்கு ஆசீர்வாதம். பின்பாதி எந்தச் சொல்லில் தொடங்குகிறது? அதை மட்டும் உடனே எழுது. கடிதத்தை என் பெயருக்குப் போடு. மீதியை நீ நம் வீட்டுக்கு வந்து வாய்விட்டுச் சொல், நான் எதிரே உட்கார்ந்து கேட்கிறேன்.

அப்பா.