எமில்டாவின் சார்பில்

மார்ச் 3, காலை 10.20

கடலடித் தரவு நிலையம், ஏழாம் உருளை. ஆழம் 22 மீட்டர். தூத்துக்குடிக் கரையிலிருந்து 11 கிலோமீட்டர். பராமரிப்புப் பொறியாளர்: எமில்டா மச்சாடோ. தங்கல் ஐந்து நாள்.

காலை ஒன்பதுக்குக் கப்பலின் இறக்குப்பெட்டி என்னை விட்டுவிட்டு மேலே போனது. சர்வர் கூடத்தில் 864 சர்வர்கள் ஓடுகின்றன. அங்கே நைட்ரஜன் மட்டும்தான், முகமூடி போடாமல் நுழைய முடியாது. என் அறைக்கு மூன்று மீட்டர் அகலம். ஒரு கட்டில், ஒரு மேசை, தட்டு அளவில் ஒரு வட்டக் கண்ணாடி. மூச்சுக் காற்றைச் சுத்தம் செய்யும் குப்பிகள் 14. ஒன்று பன்னிரண்டு மணி நேரம் வரும். ஐந்து நாளுக்குப் பத்து போதும், நான்கு கையிருப்பு. ஆக்சிஜன் உருளைகள் தாராளம். கதவை உள்ளிருந்து திறக்க வழியில்லை. வெளியே கடலின் அழுத்தம். இறக்குப்பெட்டி வந்து பொருந்தினால்தான் திறக்கும்.

அடுத்து வருபவருக்காக இந்தக் குறிப்பை எழுத வேண்டும் என்பது விதி. மின்னஞ்சல், தொலைபேசியை எல்லாம் கரையில் என் பிரதிநிதி பார்த்துக்கொள்ளும். எல்லா ஊழியருக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். பதினோரு ஆண்டுகளாக நான் அலுவலகத்தில் எழுதியதையும் பேசியதையும் படித்துப் பழகிய நிரல் அது. நான் எடுக்காத அழைப்பை என் குரலிலேயே எடுத்துப் பேசும். பேசியதன் நகல் எனக்கு வரும். வசதிதான்.

மார்ச் 4, பிற்பகல் 2.15

1.52க்கு உருளை ஒருமுறை குலுங்கியது. மேசை மேலிருந்த டம்ளர் விழுந்தது. ஏதோ ஒரு கப்பலின் நங்கூரம் கேபிளை இழுத்திருக்க வேண்டும்.

கரைக்குப் போகும் இழை செத்துவிட்டது. கரையிலிருந்து வரும் இழையும் மின்சாரமும் சரியாக இருக்கின்றன. அவர்கள் அனுப்புவது எனக்கு வருகிறது. நான் அனுப்புவது எதுவும் போகவில்லை. மாற்று இழையும் அதே கேபிளுக்குள்தான். அதுவும் இல்லை.

கவலைப்பட ஒன்றுமில்லை. லைன் போனது கரையில் உடனே தெரியும்.

மார்ச் 4, மாலை 5.40

தெரிந்திருக்கிறது. ஓர் அழைப்பின் நகல் வந்தது. சேதுமாதவன் சார், சென்னை, என் மேலாளர்.

"எமில்டா, உங்க பக்கம் லைன் போயிருக்கே, என்ன ஆச்சு?"

"ஆமா சார். கனெக்டர் பிரச்சினைதான். நான் பாத்துட்டிருக்கேன். நீங்க கவலைப்படாதீங்க."

"வெரி குட். லோடை வேற நிலையத்துக்கு மாத்தியாச்சு. கஸ்டமருக்கு ஒரு பாதிப்பும் இல்ல. நிதானமா பண்ணுங்க."

அந்தப் பதிலை நான் சொல்லவில்லை. என் குரல்தான். "சார்" என்பதை இழுக்கும் விதம்கூட என்னுடையதுதான்.

பிரதிநிதியை நிறுத்த நான் என் கடவுச்சொல்லை அனுப்ப வேண்டும். அனுப்பத்தான் வழியில்லை.

மார்ச் 6, காலை 9.05

இரண்டு நாளாக முயல்கிறேன். கனெக்டரில் கோளாறு இல்லை. வெளியே, மணலுக்கு அடியில் எங்கோ, கேபிளுக்குள் போகும் இழை மட்டும் அறுந்திருக்கிறது. உள்ளிருந்து செய்ய ஒன்றுமில்லை.

என் அறையின் காற்று, வெப்ப அளவுகள் கரைக்குப் போகவில்லை. ஆனால் கரையிலிருந்து வரும் நிலவரப் பக்கத்தில் ஏழாம் உருளை பச்சையாகவே இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே பொடி எழுத்தில் 'மதிப்பீடு' என்று இருக்கிறது. தகவல் வராவிட்டால் பழைய தகவலை வைத்து அது தானாகவே நிரப்பிக்கொள்கிறது. வெப்பம் சரி, காற்று சரி, நான் சரி.

8.40க்கு இது வந்தது.

"எமில்டா, கப்பலுக்கு வேற அவசர வேலை வந்திருக்கு. எட்டாம் தேதி வர முடியாது. பதிமூணு வரைக்கும் இருக்க முடியுமா?"

"தாராளமா சார்."

"குப்பி எல்லாம் போதுமில்ல?"

"போதுமான அளவு இருக்கு சார். பிரச்சினை இல்ல."

குப்பிகள் எட்டு. பன்னிரண்டு மணிக்கு ஒன்று என்றால் பத்தாம் தேதி காலையோடு முடிந்துவிடும்.

கோபப்பட்டுக் கத்தினேன். பிறகு யோசித்தேன். அது எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்றால் தாராளமா சார். என் பதவி உயர்வை இன்னொருவருக்குக் கொடுத்தபோதும் பிரச்சினை இல்ல சார். அம்மாவின் அறுவை சிகிச்சை அன்று மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு, நான் பாத்துட்டிருக்கேன் சார். பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் முடியாது என்று சொன்னதில்லை. அதற்கு அந்தச் சொல் எப்படித் தெரியும்?

இனி ஒரு குப்பியைப் பதினாறு மணி நேரம் ஓட்டுகிறேன். தலை வலிக்கும். பதினொன்றாம் தேதி மாலை ஐந்து வரை தாக்குப்பிடிக்கலாம்.

மார்ச் 7, மாலை 4.30

காலை பதினொன்றுக்கு ஒரு யோசனை வந்தது. சர்வர் கூடத்தின் நைட்ரஜனை வெளியேற்றும் வால்வு என் கையில்தான் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் திறந்தேன். மேலே கடல் கொதிப்பதுபோல் குமிழி கிளம்பியிருக்கும். பன்னிரண்டரைக்கு ஒரு படகின் எஞ்சின் சத்தம் கேட்டது. என் தலைக்கு மேல் நின்றது. அழுதேவிட்டேன்.

மூன்று மணிக்குச் செய்திப் பக்கங்களில் வந்துவிட்டது. திரேஸ்புரத்து மீனவர் ஒருவர் எடுத்த நாற்பது விநாடி வீடியோ. நீலக் கடலில் வெள்ளையாக வட்டம் வட்டமாகக் குமிழி. இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கருத்துகளில் ஒரே சண்டை. சர்வரின் சூட்டில் கடல் கொதிக்கிறது, அதனால்தான் மீன்பாடு இல்லை என்று ஒரு கூட்டம். திட்டத்தை நிறுத்துவதற்காக இயந்திரத்தை வைத்து உருவாக்கிய வீடியோ என்று இன்னொரு கூட்டம். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அரை மணியில் அதன்மேல் முத்திரை விழுந்தது: 'செயற்கையாக உருவாக்கப்பட்டிருக்கலாம்.'

நான்கு மணிக்கு நிறுவனம் மறுப்பு வெளியிட்டது. அதுவும் வீடியோதான். அதில் நான் இருந்தேன். இந்த அறை, இந்தக் கட்டில், என் முகம். என்னிடம் இல்லாத ஒரு நீலச் சட்டை.

"வணக்கம், நான் எமில்டா. ஏழாம் உருளைக்குள்ளதான் இருக்கேன். இங்க எல்லாம் வழக்கம்போல இருக்கு. வதந்திய நம்பாதீங்க."

அதற்கு எந்த முத்திரையும் இல்லை.

மார்ச் 8, பகல் 1.10

இன்று நான் மேலே போயிருக்க வேண்டிய நாள். குப்பிகள் ஐந்து. நெற்றிக்குள் சுத்தியல் அடிக்கிறது.

கிளாட்வின் அழைத்திருக்கிறான். என் கணவன். சங்கு குளிக்கிறவன். நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் அழைப்பை நான் ஒருபோதும் தவறவிட்டதில்லை, அதனால் பிரதிநிதி இதுவரை அவனோடு பேசியதே இல்லை. முழுவதையும் எழுதுகிறேன்.

"ஏட்டி எமி, நாலு நாளா போனும் இல்ல ஒண்ணும் இல்ல. டிவில மட்டும் வார. எப்பம் வருவ?"

"பதிமூணாம் தேதி வந்துருவேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

"உன்னக் கேக்காம வண்டிய எங்கண்ணனுக்குக் குடுத்துட்டேன்."

"பரவாயில்லை. உங்க விருப்பம்போல செய்யுங்க."

"எப்பம்லேர்ந்துட்டி நான் உனக்கு 'நீங்க'?"

"மன்னிச்சிருங்க. இனிமே கவனமா இருக்கேன்."

"எம் பொண்டாட்டி எங்கிட்ட மன்னிப்புக் கேட்டதா சரித்திரமே கெடையாது. வண்டியக் குடுத்தேன்னு சொன்னா இந்நேரம் எங்கண்ணன் வீட்டுக்கே போன் போட்டுருப்பா. நீ யாரு? அவ எங்க?"

"நான் எமில்டாதான். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வைத்துவிட்டான்.

சிரித்தேன். மூச்சு வாங்கியது, அப்படியும் சிரித்தேன்.

மார்ச் 9, காலை 11.25

வட்டக் கண்ணாடிக்கு வெளியே கிளாட்வின்.

கம்ப்ரசர் குழாய் வாயில், இடுப்பில் ஈயக்கட்டி. முதலில் ஒரு கை கண்ணாடியைத் தடவியது. பிறகு முகம். நான் கண்ணாடியில் நெற்றியை வைத்தேன். அவனும் வைத்தான். நடுவே பத்து சென்டிமீட்டர்.

காகிதத்தில் எழுதிக் காட்டினேன். 'அது நான் இல்லை. கரைக்கு எதுவும் போகவில்லை. காற்று 11ஆம் தேதி மாலை வரை.' அவன் மூன்று முறை படித்தான். உறையில் போட்டிருந்த போனை எடுத்து என்னையும் காகிதத்தையும் பிடித்தான். கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மேலே போனான்.

இன்னும் சில மணி நேரம்தான். பையைக் கட்டி வைத்துவிட்டேன்.

மார்ச் 9, மாலை 5.00

பையைப் பிரித்துவிட்டேன்.

நான்கு மணிக்குத் தூத்துக்குடி அலுவலகத்தில் கூட்டம். நானும் அழைக்கப்பட்டவள் என்பதால் எனக்கும் ஒலிபரப்பு வந்தது. சேதுமாதவன் சார், பாதுகாப்பு அதிகாரி ஒருவர், கிளாட்வின். நான்காவது நான்.

"சார், நான் என் கண்ணால பாத்தேன். கெஞ்சி எழுதிக் காட்டுதா சார். இந்தா வீடியோ."

"உங்க வீடியோவ பரிசோதனைக்குப் போட்டோம்." அதிகாரியின் குரல். "தொண்ணூத்தொரு சதவீதம் போலின்னு வருது. தடை செஞ்ச பகுதிக்குள்ள போனதே குற்றம், தெரியுமில்ல?"

"தண்ணிக்குள்ள எடுத்தா கலங்கலாத்தான் சார் இருக்கும்!"

"இருங்க, இருங்க," என்றார் சேதுமாதவன் சார். "அவங்களையே கேட்டுருவோம். எமில்டா, கேமராவ ஆன் பண்ணுங்க."

"இதோ சார். வணக்கம்."

"நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் சார். அவர் ரொம்பக் கவலைப்படறார். நான் அப்புறமா அவர்கிட்ட பேசறேன்."

சார் பெருமூச்சு விட்டது கேட்டது. நிம்மதிப் பெருமூச்சு. அவர் கெட்டவர் இல்லை. எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர், அவ்வளவுதான்.

நான் இங்கே திரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். நாற்காலி தள்ளப்படும் சத்தம். கிளாட்வின் எழுந்து போய்விட்டான். அவன் பேசாமல் போனால் ஏதோ முடிவு செய்துவிட்டான் என்று பொருள்.

மார்ச் 10, காலை 8.20

வந்தான். அவனோடு இன்னும் மூன்று பேர். கையில் சிலேட்டு. 'பவர் கேபிளை வெட்டுறோம். கரண்டு போனா கப்பல் வந்தே ஆகணும். சரியா?'

சரிதான். மின்சாரம் போவதை மதிப்பீடு மறைக்க முடியாது, அதை அளப்பது கரையில். ஆனால் மின்சாரம் போனால் குப்பி வழியே காற்றைத் தள்ளும் விசிறி நின்றுவிடும். விளக்கு போகும். வரும் இழையும் போகும். அறைக் காற்று ஏற்கெனவே பாதி கெட்டது.

சிலேட்டைக் கண்ணாடியில் வைத்தபடி காத்திருந்தான். கண் சிவந்திருந்தது. நான் தலையசைத்தேன். பதினோரு ஆண்டுகளில் முதல்முறையாக மனதாரச் சரி என்று

மார்ச் 10, பிற்பகல் 3.00

இருட்டு. மடிக்கணினி பாட்டரி 38. வட்டக் கண்ணாடியில் மட்டும் கொஞ்சம் பச்சை வெளிச்சம்.

மீதியிருந்த இரண்டு குப்பிகளையும் உடைத்து, உள்ளே இருக்கும் சுண்ணாம்பு மணிகளைப் போர்வையில் பரப்பினேன். விசிறி இல்லாவிட்டால் இப்படித்தான் காற்றைச் சுத்தம் செய்ய முடியும். குளிர்.

காலையிலிருந்து முறை வைத்து இறங்கினார்கள். கால் மணிக்கு ஒருவர். முகம் தெரியவில்லை, தட்டுவது மட்டும் கேட்கும். நான் ஸ்பேனரால் திருப்பித் தட்டுவேன். ஒருவர் தாளம் போட்டுத் தட்டினார். சூசையாக இருக்கும், கல்யாண வீட்டில் டிரம்ஸ் அடிப்பவர்.

இரண்டு மணிக்கு வேறு எஞ்சின் சத்தம், வேகமானது, ரோந்துப் படகாக இருக்கும். அதன் பிறகு யாரும் தட்டவில்லை.

மார்ச் 11, காலை 9.40

பாட்டரி 9. கப்பல். பெரிய கப்பல். சங்கிலி இறங்கும் சத்தம். வந்துவிட்டார்கள்.

காற்று புளித்துக் கிடக்கிறது. எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. எழுந்தால் விழுகிறேன். பரவாயில்லை, கதவு திறந்ததும்

மார்ச் 11, காலை 10.15

ஆள் இல்லை. ரோபோ. கேபிளருகே வேலை செய்கிறது. ஒருமுறை கண்ணாடிப் பக்கம் திரும்பியது. விளக்கு என் முகத்தில் விழுந்தது. இரண்டு கையையும் ஆட்டினேன். காகிதத்தைக் காட்டினேன். 'கதவைத் திறங்கள்.' அசையாமல் பார்த்தது. பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பியது.

மார்ச் 11, காலை 11.30

விளக்குகள் எரிகின்றன. விசிறி சுற்றுகிறது. அது காற்றைத் தள்ள ஒரு குப்பிகூட இல்லை. வரும் இழை பிழைத்துவிட்டது, போகும் இழை இன்னும் இல்லை. முதலில் வந்தது சேதுமாதவன் சாரின் செய்தி:

"எமில்டா, பவர் சரியாயிடுச்சு. ரோபோ கேமராவுல உங்களப் பாத்தேன், கை ஆட்டினீங்க, ரொம்ப சந்தோஷம். ஏதோ பேப்பர் காட்டினீங்க, தெளிவா தெரியல. உங்ககிட்டயே கேட்டேன், நன்றின்னு எழுதியிருந்ததா சொன்னீங்க. நாங்கதான் நன்றி சொல்லணும். கப்பல் இப்ப கிளம்புது. மறுபடி பதினெட்டாம் தேதி வரும், உங்களுக்குச் சம்மதம்னு சொன்னதால மாத்திக்கிட்டோம். அப்புறம், உங்க கணவர் மேலயும் மத்த மூணு பேர் மேலயும் நீங்க குடுத்த எழுத்துப்பூர்வ புகார் போலீசுக்குப் போயிடுச்சு. கஷ்டமான முடிவுன்னு தெரியும். உங்களோட கடமை உணர்ச்சிய மேலிடத்துல எல்லாரும் பாராட்டினாங்க."

சங்கிலி ஏறுகிறது.

11.41. எஞ்சின் கிளம்பிவிட்டது. ஸ்பேனரால் சுவரில் அடிக்கிறேன். வேகமாக. கேட்கும். இரும்பு. தண்ணீரில் சத்தம் நன்றாகப் போகும்.

11.50. தூரமாகப் போகிறது. ஒரு கையால் அடித்துக்கொண்டு மறு கையால் எழுதுகிறேன். என் பெயர் எமில்டா மச்சாடோ. நான் இங்கே உள்ளே இரு