வாய்ப்பூட்டு ஆட்டத்தில் பேசிய கிளி

செந்துறை
18.7.2006

அன்புள்ள வீரமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, உன் தம்பி திருமுருகன் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை. மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வீட்டில் போன் இருக்கும்போது அம்மா எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் தம்பி பக்கத்தில் நின்று என் வாயையே பார்ப்பான், அவனுக்குத் தெரியக் கூடாததை எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மழை இன்னும் வரவில்லை, அப்பா கொல்லையை உழுது போட்டுவிட்டுக் கடலை விதைக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், முந்திரியும் இந்த வருஷம் சுமார்தான்.

உன் ஆபீசில் நீ செய்து அனுப்பிய விளையாட்டு சி.டி. போன புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மூன்று கம்ப்யூட்டரும் ஜூன் மாதத்திலிருந்து துணி போர்த்தியே கிடந்தன, தலைமையாசிரியர் முத்துசாமி சார், உங்க பையன் செஞ்சதையே போட்டு ஆரம்பிச்சுடலாம் டீச்சர் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை, பஸ்ஸில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை திருமுருகனை அரியலூர் அச்சகத்தில் லீவு போடச் சொல்லி, தீபாவளிச் சட்டையைப் போட்டுக் கூட்டிப்போய், முதல் நாற்காலியில் உட்கார வைத்தேன். பக்கத்தில் என் மூன்றாம் வகுப்புப் பூமாலை, அவளுக்கும் இவனைப் போலப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. உங்க ஆட்டந்தான் இதுக்குள்ள இருக்கு என்று இரண்டு பேருக்கும் கையால் காட்டியிருந்தேன்.

அந்த ஆட்டம் யாருக்காக வந்தது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பாதி அட்டையில் படம், பாதி அட்டையில் சொல், படத்துக்கேற்ற சொல்லைத் தேடி எடுக்க வேண்டும். உனக்கு ஏழு வயது, அவனுக்கு ஐந்து. நீ கத்திக் கத்தி ஜெயிப்பாய், அவன் என்ன நடக்கிறது என்றே புரியாமல் முழிப்பான். ஒருநாள் நீயே அழுதுகொண்டு வந்து, இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் ஒரு முறை ஆடக் கூடாது, அவன் முறை வந்தால் அதிர்வில் தெரியும்படி பெஞ்சைத் தட்ட வேண்டும் என்று விதி போட்டாய். வாய்ப்பூட்டு ஆட்டம் என்று பேர் வைத்ததும் நீதான். அதை வைத்துத்தான் அவனுக்கு எழுத்து வந்தது, இன்றைக்கு அச்சகத்தில் பிழை திருத்துவதும் அவன்தான். அதையேதான் இத்தனை வருஷமாக வகுப்பில் ஆடுகிறேன், திக்கிப் பேசும் பையன் அமாவாசையும் பூமாலையும் மற்றப் பிள்ளைகளோடு சரிக்குச் சரி நிற்பது அந்த அரைமணி நேரம்தான். போன பொங்கலுக்கு இரண்டு நாள் உட்கார்ந்து ஆட்டத்தின் விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போனாயே, வாய்ப்பூட்டை மறந்துடாதடா என்று பஸ் ஏறும்போதுகூடச் சொன்னேன், தலையாட்டினாய்.

கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு பச்சைக்கிளி வந்து பேசுகிறது, பேசுகிறது, ஓயாமல் பேசுகிறது. அது சொல்லும் சொல்லுக்குப் படத்தைத் தொட வேண்டும், எழுத்து என்று ஒன்றுகூட இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள், உனக்குக் கிளியாகியிருக்கிறது. பிள்ளைகளெல்லாம் ஓவென்று சிரித்தார்கள். பூமாலை ஒரு படத்தைத் தொட்டாள், சிவப்பில் பெருக்கல் குறி வந்தது, இன்னொன்றைத் தொட்டாள், மறுபடியும் சிவப்பு. நாலாவது முறை எழுந்து போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள், நேற்றும் இன்றும் பள்ளிக்கூடம் வரவில்லை. திருமுருகன் எழுந்து போகவில்லை. சி.டி. அட்டையைத் திருப்பிப் பார்த்து, பொடி எழுத்தில் உன் பெயரைக் கண்டுபிடித்து, அதில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் காட்டினான். அதற்கு மேலேயே, எல்லாக் குழந்தைகளுக்கும் என்று பெரிதாக அடித்திருந்தது, அதையும்தான் அவன் படித்திருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது மறந்துவிட்டேன் என்று சொல்வாய் என்று பார்த்தேன். மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும்னாங்கம்மா, எழுத்தும் போட்டா வேலை இழுக்கும், காது கேக்காத புள்ளைங்க எத்தனை பேரும்மா வாங்கப் போறாங்க என்றாய். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது சரிதான், ஆனால் நீ உன் தம்பியோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். வேறு எவன் செய்திருந்தாலும் விவரம் தெரியாதவன் என்று விட்டிருப்பேன், தெரிந்தே செய்தாய், எனக்கு இது துரோகமாகத்தான் படுகிறது. வேலை நெருக்கடியில செஞ்சிருப்பான் விடு என்கிறார் அப்பா. என்னால் விட முடியவில்லை.

நான் போனை வைத்ததும் அண்ணன் என்ன சொன்னான் என்று திருமுருகன் கையால் கேட்டான். உன்னைத்தான் விசாரித்தான், நீ ஆடியதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டான் என்று சொல்லிவிட்டேன். இது முதல் தடவை இல்லை. வீட்டுக்குப் போன் வந்து ஆறு வருஷமாகிறது, நீ காகிதத்தில் எழுதுவதை விட்டும் ஆறு வருஷம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ கேட்காததையெல்லாம் கேட்டதாக அவனிடம் சொல்லியிருக்கிறேன், சாப்பிட்டானா என்று, சட்டை வாங்கினானா என்று. இனி உனக்காக நான் பொய் சொல்வதாக இல்லை. அடுத்த ஞாயிறு போன் அடித்தால் எடுக்கவும் மாட்டேன்.

சி.டி.யில் எழுத்தைச் சேர்க்க முடியுமா என்று உன் ஆபீசில் கேள், பூமாலை வீட்டுக்கு நாளைக்கு நான் போய்ப் பழைய அட்டைகளைக் காட்டிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். வெளிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், கண்ணுக்கு டாக்டரைப் பார். நீ நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் கேட்கிறேன்.

மறக்காமல் ஒரு கடிதம் போடு, எனக்கு அல்ல. உறையில் திருமுருகன் என்று எழுது. அவனுக்கு இருபத்து நாலு வயதாகிறது, ஊருக்கெல்லாம் பத்திரிகை அடிக்கிறான், அவன் பெயருக்கு இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெகதாம்பாள்