கண்ணை மூடினால் சாய்கிறேன்

செவ்வாய், இரவு.

முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுகிறேன். அதனால் இன்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய் டாக்டரைப் பார்த்தேன். நிற்கவைத்து, "கண்ண மூடுங்கம்மா" என்றார். மூடியதும் சரிந்தேன். நர்ஸ் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு யாரும் என்னை அப்படிப் பிடித்ததில்லை. கண்ணைத் திறக்க மனமே வரவில்லை.

"சுகர்ல கால் நரம்பு கெட்டுப்போச்சும்மா. தரை எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியல, கண்ணாலதான் நிக்கிறீங்க. இருட்டுல நடக்காதீங்க. கூட யாரு வந்திருக்காங்க?"

"பையன்தான். வெளிய வண்டிய நிறுத்திக்கினு இருக்கான்."

அவன் துபாயில் இருக்கிறான். நர்ஸ் வாசல்வரை வந்து அவனைத் தேடினாள். "நீ போம்மா, வந்துடுவான்" என்று அவளை அனுப்பிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ராத்திரி பையன் போன் செய்தான். "டாக்டர் இன்னாம்மா சொன்னாரு?"

"ஒன்னுமில்லடா, நல்லாத்தான் இருக்கேன்."

விளக்கு எரியட்டும். அணைக்கப் பயமாக இருக்கிறது.