மேற்குப் பக்கத்துப் படிகள்

காஞ்சிபுரம்
24-1-72

அன்புள்ள வடிவுக்கு,

பொங்கலுக்கு வாலாஜாபாத் போனவள் அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாய். இதற்கு வாசல்படியா காரணம்? வீட்டுப் பெண்கள் கொல்லைவாசல் வழியாகப் போய்வருவது அப்பா காலத்து வழக்கம். எந்த வழியாக வந்தாலும் வீடு ஒன்றுதானே?

நாங்கள் அகழாய்வுக்குத் தோண்டும் இடத்தில் பழைய செங்கல் மேடை ஒன்று வெளிப்பட்டிருக்கிறது. பூசை மேடையாம். கிழக்கே அகலமான படிகள், மேற்கே குறுகலான படிகள். கிழக்கில் அரசன் ஏறியிருப்பான் என்கிறார் புரொபசர். நான் அளந்து வரைந்துகொண்டிருக்கிறேன். சாப்பாடுதான் சரியில்லை.

உன்,
காசிநாதன்


வாலாஜாபாத்
28-1-72

அன்புள்ள கணவர் அவர்களுக்கு,

வீடு ஒன்றுதான் என்றால் ஒரு வாரம் நீங்கள் கொல்லைவாசல் வழியாகப் போய்வாருங்களேன். மூன்று வருடமாகத் தெருவாசலில் கோலம் போடுவது நான். போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு கொல்லைவாசல் வழியாக வருவதும் நான். கோபம் இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

உங்கள் அரசன் வருடத்தில் எத்தனை நாள் ஏறியிருப்பான்? மேடைக்குத் தண்ணீரும் விறகும் யார் சுமந்தார்கள்? எந்தப் படி தேய்ந்திருக்கிறது, பார்த்தீர்களா?

வடிவு


காஞ்சிபுரம்
5-2-72

அன்புள்ள வடிவுக்கு,

தோற்றேன். கிழக்குப் படியின் விளிம்பு நேற்றுக் கட்டியதுபோல் இருக்கிறது. மேற்குப் படிதான் நடுவில் இரண்டு விரற்கடை தேய்ந்து கிடக்கிறது. நானோ கிழக்கைப் பார்த்த கண்ணோடு இதற்கும் நேர்கோடு இழுத்து வைத்திருந்தேன்! "கண்ணை எங்கப்பா வச்சிட்டு வந்தே?" என்று புரொபசர் சிரித்தார். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். இப்போது எல்லோரும் மேற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து தோண்டுகிறார்கள்.

ஆறு நாளாகக் கொல்லைவாசல் வழியாகத்தான் போய்வருகிறேன். நிலை தாழ்வு. மூன்று முறை நெற்றியில் இடித்துக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாப்பது வருசமா நான் குனிஞ்சிக்கினுதான் போறேன். யாருப்பா கேட்டீங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனி நீ தெருவாசல் வழியாக வா. ஆனால் வந்துவிடு.

உன்,
காசி


வாலாஜாபாத்
8-2-72

அன்புள்ள கணவர் அவர்களுக்கு,

நெற்றி இடித்ததைப் படித்து அம்மாவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அத்தை சொன்னதைப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பற்றுப் போட மஞ்சள் கொண்டுவருகிறேன். ஆனால் தெருவாசல் வழியாக நான் மட்டும் நுழைய மாட்டேன். அத்தையைத் தெருவில் வந்து நிற்கச் சொல்லுங்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறுவேன். நீங்கள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வாருங்கள். பயப்படாதீர்கள், அந்த வாசலில் யாருக்கும் தலை இடிக்காது.

உங்கள்,
வடிவு