யார் முட்டிக்கு யார் தைலம்

ஷின்யாலு
செப்டம்பர் 14, 1997

அன்பு மிகுந்த முஹோன்ஜாவுக்கு,

உன் ஜோத்தம் எழுதுவது. நானும் கலூமியும் சுகம். படிக்கப் போன அந்தக் குளிர் ஊரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். கலூமிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பள்ளியில் அவளுக்கு நானே வாத்தியார் என்பதால் வீட்டிலும் என்னை "சார்" என்று கூப்பிட்டு வெறுப்பேற்றுகிறாள். மக்காச்சோளம் இந்த வருஷம் வைக்க இடமில்லாத அளவுக்கு வந்திருக்கிறது. நீ நட்டுவிட்டுப் போன கற்பூரத் துளசி வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்து வாழைக்குள் நுழைந்துவிட்டது. அந்த வழியாகப் போகிற மாடெல்லாம் தும்முகின்றன.

நான் வரிசையாக நல்ல செய்தி சொன்னாலே உனக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்நேரம் வந்திருக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் ஆய்வை நான் கெடுத்துவிட்டேன்.

நீ எழுதி அனுப்பினபடி ஒன்றுவிடாமல் செய்தேன் என்பதை முதலில் நம்பு. முட்டிவலிக்காரர்கள் நாற்பத்தெட்டுப் பேருக்கும் என் கையால்தான் தைல டப்பா கொடுத்தேன். பாதிப் பேருக்குத் துளசி எண்ணெய் சேர்த்த தைலம், மீதிப் பாதிக்கு வாசனைக்கு ஒரு சொட்டு மட்டும் விட்ட வெறும் மெழுகு. எது எது என்று எனக்கும் தெரியாது, வாங்கினவர்களுக்கும் தெரியாது. டப்பாவின் மேல் எண் மட்டும்தான். எட்டு வாரமும் சனிக்கிழமை தவறாமல் வீடு வீடாகப் போனேன். "காலையும் மாலையும் தேய்க்கிறீங்களா?" என்று கேட்டேன். "தேய்க்கிறோம் வாத்தியாரே" என்றார்கள். அதையே எழுதிக்கொண்டேன்.

நேற்று கடைசிச் சனிக்கிழமை. ஆற்றோரத்து ரிஸ்பா வீட்டில் உட்கார்ந்து, டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "இந்தத் தைலம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். ரிஸ்பா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதை என்கிட்ட கேட்டா? கசாண்டிகிட்ட போய்க் கேளு. அது அவ முட்டிக்குத்தானே போச்சு."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அப்ப உங்க முட்டிக்கு?"

"அவ டப்பா. பின்ன, என் மருந்தை நானே என் மேல தேய்ச்சுக்குவேனா? உனக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தரலையா?"

முஹோன்ஜா, நீ மரகோலிப் பக்கத்துப் பெண். எங்கள் மேட்டு வழக்கம் உனக்குத் தெரியாமல் இருந்ததில் தப்பே இல்லை. எனக்குத் தெரியும். இங்கே யாரும் தன் மருந்தைத் தன் கையால் தன் உடம்பில் தேய்த்துக்கொள்ள மாட்டார்கள். தேய்த்தால் பிடிக்காது என்பார்கள். நீ உன் மருந்தை எடுத்துப் போய் அடுத்தவளுக்குத் தேய்ப்பாய், அவள் தன் மருந்தை உனக்குத் தேய்ப்பாள். எனக்குச் சின்ன வயதில் நெஞ்சுச் சளி வந்தபோதெல்லாம் அடுத்த வீட்டுக்காரிதான் வந்து தேய்ப்பாள். அது என் தோலுக்குத் தெரிந்திருக்கிறது. கையில் பேனாவும் தாளும் வந்ததும் மண்டைக்கு மறந்துவிட்டது.

ஓடினேன். மேடு முழுக்க ஒரே பகலில் நாற்பத்தெட்டு வீடும் ஏறி இறங்கினேன். ஒருவர்கூடத் தன் டப்பாவைத் தன் முட்டிக்குத் தேய்த்திருக்கவில்லை. ஜோடி மாறாமல் இருந்திருந்தால் எண்களை மாற்றிப் போட்டாவது சமாளித்திருக்கலாம். அதற்கும் வழியில்லை. இவள் சந்தைக்குப் போன நாளில் அவள் தேய்த்திருக்கிறாள், அவளுக்குப் பேத்தி பிறந்த வாரத்தில் மூன்றாவது ஒருத்தி வந்து தேய்த்திருக்கிறாள். எந்த முட்டியில் எந்த டப்பா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடமும் உண்டு. ரிஸ்பாவும் கசாண்டியும் ஒரு கோழிக்காக மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள் என்பது உனக்கு நினைவிருக்கும். ஆற்றோரத்தில் முட்டிவலிக்காரிகள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். தேய்க்க வேறு ஆளில்லை. முதல் வாரம் பேசாமலேயே தேய்த்தார்களாம். இரண்டாம் வாரம், "கொஞ்சம் மெதுவா அமுக்கு, கோழிக் கோபத்தை முட்டியில காட்டாதே" என்று கசாண்டி சொல்லப்போய் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்களாம். இப்போது சந்தைக்குச் சேர்ந்து நடக்கிறார்கள். ஆற்றோரத்திலிருந்து சந்தை வரைக்கும், நடந்து. போன வருஷம் ரிஸ்பா சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனவள்.

இனி மனதைக் கனக்கச் செய்யும் விஷயம். இந்த ஆய்வு சரியாக முடிந்தால் கிறிஸ்துமஸுக்கு நீ பட்டத்தோடு வீட்டில் இருப்பாய். முடியாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் என்று நீதான் எழுதியிருந்தாய். காகிதங்கள் இப்போது பார்வைக்கு அத்தனை சுத்தமாக இருக்கின்றன. ஆராய்ச்சி நிலையத்து இம்புகா வியாழக்கிழமை வந்து வாங்கிப்போவார். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. விஷயம் பரவி, இன்று காலை தேவாலய வாசலில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அடப் பாவமே, நாங்க எண்ணெய் தேய்ச்சதுக்கு எங்க மருமக வீட்டுக்கு வர முடியாதா?" என்று கசாண்டி கண் கலங்கினாள்.

"அவங்கவங்க டப்பாவை அவங்கவங்களே தேய்ச்சோம்னு எழுதிக்கோ வாத்தியாரே. கேட்டா நாப்பத்தெட்டுப் பேரும் அதையே சொல்றோம்" என்றாள் ரிஸ்பா.

இரண்டு மணி நேரம் ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை காதில் விழவில்லை. எழுதிவிடலாம் என்று பல தடவை முடிவு செய்தேன், மறைக்கமாட்டேன். நீ போய் இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகின்றன. உன் பாயின் பக்கம் நான் இன்னும் புரண்டு படுப்பதில்லை. ஆனால் நீ எழுதப்போகும் கணக்கை நம்பி, முகம் தெரியாத யாரோ எங்கோ முட்டி தேய்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். உன் பெயர் அதன் மேல் இருக்கும். அந்தப் பெயரின் கீழ் பொய்யை வைக்க எனக்குக் கை வரவில்லை.

அதனால் உள்ளது உள்ளபடி எழுதிவிட்டேன். கோபத்தை என் மேல் காட்டு, அவர்கள் மேல் வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம். சாப்பிடாமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

உன்,
ஜோத்தம்


ஷின்யாலு
அக்டோபர் 19, 1997

என் உயிரான முஹோன்ஜாவுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பிரிக்கப் பயந்து அஞ்சலகத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். பிரித்து இரண்டாம் பக்கம் வந்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். "யாராவது தவறிட்டாங்களா வாத்தியாரே?" என்று அஞ்சலகக்காரர் வெளியே ஓடிவந்தார். "இல்லங்க, என் வீட்டுக்காரி வர்றா" என்றேன். அவர் என்னைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

நூலகத்தில் என் கடிதத்தைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்ததாக எழுதியிருந்தாய். அந்த இடத்தைக் கலூமிக்கு நாலு தடவை படித்துக் காட்டிவிட்டேன். பிறகு அழுததாக எழுதியிருந்ததைப் படித்துக் காட்டவில்லை, அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன். ஆய்வைத் திரும்பவும் முதலிலிருந்து செய்ய வேண்டும், இந்த முறை ஆய்வு செய்பவரே நேரில் இருந்து டப்பா கொடுக்க வேண்டும், கணவனை நம்பி விடக் கூடாது என்று அங்கே முடிவு செய்திருக்கிறார்கள். பெரிய மனிதர்கள் சரியாகத்தான் முடிவெடுப்பார்கள். ஜனவரியிலிருந்து ஜூலை வரை ஏழு மாதம் நீ இங்கே. அதற்கப்புறம் எழுத மட்டும் நாலு மாதம் போக வேண்டும் என்றாய். அதை ஜூலையில் யோசித்துக்கொள்ளலாம்.

நேற்று பெண்களைக் கூட்டிச் செய்தி சொன்னேன். டப்பா மாறாமல் இருக்க என்ன வழி என்று கேட்டேன். அவரவர் கையாலேயே தேய்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டதுதான் தாமதம், பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். "வலியோடவே இருந்துட்டுப் போறோம்" என்றார்கள். ரிஸ்பா மட்டும் உட்கார்ந்தபடியே, "ஜோடியை நாங்களே சேத்துக்கறோம், மாத்த மாட்டோம். ஜோடிக்கு ஒரே மாதிரி டப்பா குடுத்துடு. யாரு யாருக்குத் தேய்ச்சா என்ன அப்புறம்?" என்றாள். உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். உன் பேராசிரியர் ஒரு வாரம் யோசித்துச் சொன்ன யோசனை இதேதான். ரிஸ்பாவுக்கு அதற்குத் தேநீர் ஆறுகிற நேரம்கூடத் தேவைப்படவில்லை. அவரிடம் இதைச் சொல்லு, ஆனால் பக்குவமாகச் சொல்லு.

குணமானது எண்ணெயாலா, தேய்த்த கையாலா என்பதையும் இந்த முறை பிரித்துப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். அதைக் கசாண்டியிடம் சொன்னேன். "ரெண்டையும் ஏன் பிரிக்கணும், நல்லாத்தானே போகுது" என்கிறாள். உனக்கு அவளோடு நிறையப் பேச வேண்டியிருக்கும்.

வீட்டுக் கூரையில் ஒழுகின இடத்தை அடைத்துவிட்டேன். உனக்கென்று கொழுத்த சேவல் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன். கலூமிக்கு ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. நீ வருவதற்குள் முழுசாக வந்துவிடக் கூடாது என்று தினமும் விரலால் அமுக்கிப் பார்க்கிறாள்.

கடைசியாக ஒன்று. எனக்கும் போன ஞாயிறிலிருந்து இடது முட்டியில் வலி இருக்கிறது. சிரிக்காதே. ஆய்வில் சேர்க்க வயது போதாது என்பாய், தெரியும். எண் போட்ட டப்பா எனக்கு வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், வெறும் மெழுகே போதும். ஆனால் எங்கள் மேட்டு வழக்கப்படி நானே தேய்த்துக்கொள்ள முடியாது பார். வழியெல்லாம் கடவுள் உன்னைக் கையில் ஏந்திக்கொள்ளட்டும். சீக்கிரம் வந்து சேர்.

ஜனவரியை எண்ணிக்கொண்டிருக்கும்,
ஜோத்தம்