அப்பா வீட்டுப் பச்சைப் புள்ளி

மார்ச் 3

சுவர்த்திரை முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு கிளை அலுவலகத்து ரவுட்டர். எங்கள் சர்வர் நிமிடத்துக்கொரு முறை "இருக்கியா?" என்று கேட்கும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்குகிறது.

மூலையில் உள்ள புள்ளி மட்டும் கிளை இல்லை; அப்பா வீடு. அலுவலகத்துக்குத் தெரியாமல் நான் சேர்த்தது. படுக்கும்போது ரவுட்டரை அணைப்பார், எழுந்ததும் போடுவார். பச்சை வந்தால் அப்பா எழுந்துவிட்டார் என்று அர்த்தம். வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று சொன்னதிலிருந்து பேச்சு இல்லை. அவருக்கு வீம்பு. எனக்கு மட்டும் குறைச்சலா?

மார்ச் 9

கனவில் புள்ளிகள் திரையை விட்டிறங்கி மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அப்பா ஒவ்வொன்றாக ஊதி அணைத்துக்கொண்டே மேலே போனார்.

மார்ச் 10

ஐயோ, எல்லாமே சிவப்பு! கிளைகளைக் கேட்டால், "நெட் ஜம்முன்னு இருக்கே" என்கிறார்கள். அப்பா புள்ளியும் சிவப்பு. போன் போட்டேன், எடுக்கவில்லை. வீம்பா, இல்லை… மறுபடி போட்டேன்.

எங்கள் தாடி சீனியர்தான் கண்டுபிடித்தார். "நேத்து ராத்திரி சர்வரைப் புது மெஷினுக்கு மாத்தினோம்ல? முகவரி மாறிப்போச்சு. தெரியாதவன் கதவைத் தட்டினா எவன் பதில் சொல்வான்?" கிளை ரவுட்டர்களுக்கெல்லாம் புது முகவரியைச் சொல்லிக்கொடுத்தோம். வரிசையாகப் பச்சை வந்தது.

மூலையில் மட்டும் சிவப்பு. அப்பா ரவுட்டரை, பழைய முகவரியைத் தவிர வேறெங்கிருந்தும் யாரும் உள்ளே நுழைய முடியாதபடி பூட்டியவள் நான்தான். பெரிய கெட்டிக்காரி! நேரில் போனால்தான் உண்டு. கிளம்புகிறேன்.

மார்ச் 11

கதவைத் திறந்தவர் அப்பா.

"போனை ஏம்பா எடுக்கல?"

"எடுத்திருந்தா வந்திருப்பியா?"

நான் வாங்கிக்கொடுத்த டேப்லெட் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. ரவுட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப நெட்டுல என்னதான் பாக்குறீங்க?"

"நான் எங்க பாக்குறேன்? நீதானே பாக்குற. மாட்டின அன்னிக்கே சொன்னியே, லைட்டு எரிஞ்சா ஆபீஸ்ல உனக்குத் தெரியும்னு. அதான் எந்திரிச்சதும் மொத வேலையா போட்டுடறேன்."

சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. அழுதேன். "சரி சரி, காபி ஆறுது" என்றார். வீட்டு விற்பனைப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

மார்ச் 12

மூலையில் இன்னும் சிவப்புதான். பேச்சு சுவாரசியத்தில் ரவுட்டரைத் தொடவே மறந்து வந்திருக்கிறேன்.

காலையில் போன் வந்தது. "எந்திரிச்சிட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.